ராமாமிர்தம் தட்டிய பின்

தன் காரில் கொளஞ்சியின் கை படவே கூடாது என்று ராமாமிர்தம் முடிவு கட்டி ஒரு வருஷம் ஆகிறது. கொளஞ்சி அவருக்கு மச்சினன், சிதம்பரத்தில் மெக்கானிக். ஒரு கல்யாணத்துக்கு அவர் காரில் கூட வந்தவன், பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி, "மாமா கியர் போடறது மாவாட்டற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டான். செம்மங்குப்பம் கம்பெனியில் ஒரு ஷிப்டையே மேய்க்கிற சூப்பர்வைசரைப் பார்த்து. அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது கியர் உண்மையிலேயே மாவாட்டியது. கியர் தண்டின் மூட்டில் புஷ் என்கிற சின்ன வளையம் தேய்ந்திருந்தது. அதை மாற்ற, அங்கே குறுக்கே இறுகிக் கிடக்கும் விரல் நீளப் பின்னைத் தட்டிக் கழற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் காருக்கு அடியில் படுத்தவர், வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார். தட்டினார். திட்டினார். துரு உதிர்ந்து வாயில் விழுந்ததுதான் மிச்சம்.

"பின் வந்துச்சாங்க?" மனைவி மங்கலம் வாசலிலிருந்து கேட்டாள்.

"வந்த பின் சொல்றேன், போ."

"நாளைக்குத் தம்பி புது ஒர்க்‌ஷாப் தெறக்கறான்."

"தெறக்கட்டும். நான் வரல."

"அவன்கிட்ட போன்ல சொன்னேன். அந்தப் பின்ன மாமாவால கழட்ட முடியாதுன்னான்."

சுத்தியல் சத்தம் நின்றது. ராமாமிர்தம் வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ்; கண் மட்டும் சிவப்பு.

"அப்படியா சொன்னான்?"

"சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

"கழட்டறேன். கழட்டி, இதே வண்டிய ஓட்டிக்கிட்டுப் போயி, அவன் புது ஒர்க்‌ஷாப் வாசல்ல நிறுத்தி, காது கிழிய ஹாரன் அடிக்கலன்னா என் பேர மாத்திக்கிறேன். உன் தலைமேல சத்தியம்."

"என் தலை எதுக்கு? உங்க தலைமேல பண்ணுங்க."

பண்ணினார். அதே கோபத்தில் கனமான சுத்தியல் இரவல் வாங்க, நெல்லிக்குப்பத்தில் இருக்கும் சிநேகிதர் ஆண்டி வீட்டுக்கு பஸ் ஏறினார். ஆண்டி சாப்பிடாமல் விடவில்லை. திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிட்டது.

மறுபடி அடியில் படுத்தார். பின்னைக் கொளஞ்சியின் மூக்காக நினைத்து ஓங்கி ஒரு போடு போட்டார். பின் தெறித்துச் சாக்கடையோரம் போய் விழுந்தது.

"மங்கலம், பாத்தியா? ஒரே அடி."

"பாத்தேங்க. கை வலிக்குதா? எண்ணெ தடவி வுடட்டுமா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு பணிவாகப் பேசியதில்லை. புது புஷ்ஷையும் புதுப் பின்னையும் அவரே மாட்டினார்.

மறுநாள் காலையில் கியர் வெண்ணெயாக விழுந்தது. பக்கத்தில் மங்கலம் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் சீர்த்தட்டு இருந்ததைப் புதுச்சத்திரம் தாண்டித்தான் கவனித்தார். கேட்க நேரமில்லை, கோபம் சூடு ஆறுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

சேர்ந்தார். வாசலில் நிறுத்தி ஹாரனை அழுத்தினார். கொளஞ்சி ஓடி வந்தான்.

"வாங்க மாமா."

கட்டைவிரலில் பெரிய கட்டு.

"விரல்ல என்னடா மச்சான்?" ஜெயித்தவரின் தாராளத்தோடு கேட்டார்.

"உங்க பின்னுதான் மாமா. நேத்து நீங்க நெல்லிக்குப்பம் போனப்ப வந்து தட்டினேன். கொஞ்சூண்டு ஒட்டிக்கிட்டிருக்கும்போது, போதும் வுட்ரு, மிச்சத்த மாமா தட்டட்டும்னு அக்காதான்..."

அக்கா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

ராமாமிர்தத்துக்குக் கோபம் தொண்டை வரை வந்துவிட்டது. திரும்பினார். மங்கலம் சீர்த்தட்டை அவர் கையில் வைத்தாள்.

"எல்லாரும் பாக்கறாங்க. சிரிச்ச மொகமா குடுங்க."

ராமாமிர்தம் சிரித்தார்.