பொட்டு வைத்த சிலிக்கான் தட்டு

படித்தால் பயம் போய்விடும் என்று சொல்கிறார்கள். என் அனுபவத்தில், பயப்படுவதற்குக் கூடுதல் காரணங்கள் கிடைக்கின்றன, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்த நான், தூங்கும் இரண்டு வயது மகளுக்கு மூச்சு வருகிறதா என்று அடிக்கடி மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம்.

என் கணவரின் தம்பி செந்தில் பெங்களூரில் ஆராய்ச்சி மாணவன். சரஸ்வதி பூஜை அன்று காலையில் வந்து இறங்கியவன், ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என் கையில் கொடுத்தான். உள்ளே சாஸர் அளவில், கண்ணாடிபோலப் பளபளக்கும் சிலிக்கான் தட்டு.

"குவாண்டம் கம்ப்யூட்டருக்கு உள்ள சமாச்சாரம், மதினி. மத்தவங்க ஒண்ணு ஒண்ணா செஞ்சு பாக்காங்க. லட்சக்கணக்குல வேணும்னா அது ஆகுத காரியமா? சாதாரண சிப்பு செய்யுத மாதிரி ஒரே தட்டுல நூத்துக்கணக்கா அச்சடிச்சா, பெருக்கிட்டே போலாம்லா. ஒரு வருசமா இதைத்தான் செய்யுதேன். நாளன்னைக்குத் திருவனந்தபுரத்துல சோதிக்கணும். சரியா வந்தாத்தான் என் படிப்பு தேறும். பிள்ளை கைக்கு எட்டாம வைங்க."

சொல்லிவிட்டுக் குறுக்குத்துறைக்கு ஆற்றில் குளிக்கப் போய்விட்டான்.

பிள்ளை கைக்கு எட்டாத இடம் எங்கள் வீட்டில் பூஜை அலமாரி ஒன்றுதான். அங்கே புத்தகங்கள், டைப்ரைட்டர், ஸ்கூட்டர் சாவி, அரிவாள்மணை எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தன. டப்பா மட்டும் பொட்டில்லாமல் இருந்தது. பையனின் ஒரு வருட உழைப்பு. பொட்டு வைக்காமல் விட்டு, சோதனையில் ஏதாவது ஆகிவிட்டால்?

டப்பாவின் மேல் வைத்தேன். மனம் ஆறவில்லை. ஸ்கூட்டருக்குப் பூஜை என்றால் அதன் உறைக்கா பொட்டு வைக்கிறோம்? டப்பாவைத் திறந்தேன்.

தட்டை எடுத்ததும் என் கட்டைவிரல் ரேகை அதில் பதிந்துவிட்டது. பதறிப்போய், மூக்குக் கண்ணாடிக்குச் செய்வதுபோல வாயால் ஊதி, முந்தானையால் துடைத்தேன். பிறகு நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். சாம்பிராணியும் காட்டினேன். (கடமையில் குறை வைத்தவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதில்லையா?)

குளித்துவிட்டு வந்த செந்தில் அலமாரியைப் பார்த்தான். தலை துவட்டிய துண்டு கையிலிருந்து நழுவியது. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மதினி," என்றான். "அதைச் செய்யுத அறைக்குள்ள நாங்க தலையில இருந்து கால் வரைக்கும் மூடிட்டுத்தான் போவோம். ஒரு தூசி விழுந்தாப் போச்சு. மூச்சுகூடப் படக்கூடாது."

"மூச்சு விட்டுத்தான் தம்பி துடைச்சேன்," என்றேன். (அந்த நேரத்தில்கூட வாய் சும்மா இருக்கவில்லை.)

என் கணவர் எட்டிப் பார்த்தார். "ஏலே, கடைச் சந்தனம் இல்லலே. வீட்டுல அரைச்சது. சுத்தம்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவனுடைய படிப்பை மோதிர விரலால் முடித்துவைத்திருக்கிறேன்.

தன் பேராசிரியர் வீட்டுக்குப் போன் செய்யத் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குக் கிளம்பினான் செந்தில். மன்னிப்புக் கேட்க நானும் இடுப்பில் பிள்ளையோடு பின்னாலேயே ஓடினேன். ஆங்கிலத்தில் ஏதேதோ சொன்னவன், ரிசீவரை என்னிடம் நீட்டினான்.

"சார் உங்ககிட்டப் பேசணுங்காரு."

பேராசிரியர் தமிழர்தான். "நீங்க என்ன படிச்சிருக்கீங்கம்மா?"

"எம்.எஸ்சி. பிசிக்ஸ், சார்."

மறுமுனையில் சத்தமே இல்லை. அந்த மௌனத்துக்கும் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஓரத்துல சந்தனம் படலையே?" என்றார் கடைசியில்.

"இல்ல சார். நட்டநடுவுலதான்."

"சரி. ஓரத்தை மட்டும் வெட்டிக் கழுவிச் சோதிச்சுப் பாக்கச் சொல்லுங்க."

ஒரே தட்டில் நூற்றுக்கணக்கில் அச்சடிப்பதன் அருமை அன்றுதான் எனக்கு உறைத்தது. ஓரத்துச் சிப்புகளில் சில பிழைத்தன. அவற்றோடு செந்திலின் படிப்பும் பிழைத்தது. ஆனால் மற்றதையெல்லாம் மறுபடி செய்து முடிக்க இன்னொரு வருடம் ஆனது. பேசி வைத்திருந்த கல்யாணமும் அதனால் தள்ளிப்போனது. (முகூர்த்தத்தன்று பெண்ணின் அப்பா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை.)

இன்றும் சரஸ்வதி பூஜை அன்று நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தாலே வீட்டில் ஓட்டம்தான். மகள் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். செல்போன்களெல்லாம் தலையணைக்கு அடியில் போய்விடும். நான் நடுவீட்டில் கிண்ணத்தோடு நிற்பேன். கடைசியில் என் கணவர்தான் இரக்கப்பட்டுத் தன் நெற்றியை நீட்டுவார்.

"இங்கன வை. இதுக்குள்ள சிப்பு ஒண்ணும் கெடையாது."