நோட்டில் வெந்த சாமை கிச்சடி

எழுதிய பக்கத்தை ஒருமுறை படித்துப் பார்த்த சுதா, அதை அப்படியே கிழித்துச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

'காலை: பூரி ஐந்து. பதினோரு மணி: கிரீம் பிஸ்கட் ஒரு பாக்கெட். இரவு: பரோட்டா மூன்று.'

பத்து வயது மகள் நிஷா ஒரு நாளில் சாப்பிட்டது அது. ஆவடி ஆஸ்பத்திரியில் குண்டுப் பிள்ளைகளின் நாக்கையும் ஹார்மோனையும் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டர் கனிமொழி, ஒரு நோட்டைக் கொடுத்து, பிள்ளை தின்பதையெல்லாம் மூன்று மாதம் ஒளிக்காமல் எழுதி வரச் சொல்லியிருந்தார்.

ஒளிக்காமல் எழுதினால் மானம் போய்விடும். காலை ஏழு மணி ரயிலில் அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஓடி, இருட்டும் நேரம் பட்டாபிராம் திரும்புகிறவள் கையில் பரோட்டா பொட்டலம்தான் இருக்கும். இதெல்லாம் டாக்டருக்கு எதற்கு?

புதுப் பக்கத்தில் எழுதினாள்: 'காலை: கேழ்வரகுக் கூழ். மதியம்: சாமை கிச்சடி, முருங்கைக்கீரை. மாலை: பச்சைப்பயறு சுண்டல்.'

டாக்டர் பூரித்துப்போனார். "சாமை கிச்சடியா! எப்படிச் செய்யறதுன்னும் எழுதிட்டு வாங்களேன்."

சுதா சாமையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஃபோனில் வீடியோ பார்த்து, மார்ஜின் போட்டு, ஒன்பது செய்முறைகளை முத்து முத்தாக எழுதிக் கொடுத்தாள்.

இரண்டாம் மாதம் நிஷாவின் எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. டாக்டர் அவள் நாக்கில் சுவை தடவிய காகிதப் பட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தார். இனிப்புப் பட்டையை மூன்று முறை வைத்தும் நிஷா, "பேப்பர் டேஸ்ட்டு" என்றாள்.

"போதும்னு மூளைக்குச் சொல்ற ஹார்மோன் இவளுக்கு நிறையவே சுரக்குது. ஆனா உடம்பு அதைக் காதுல வாங்கல" என்றார் டாக்டர். "நாக்கும் மந்தமா இருக்கறதால இன்னும் இன்னும்னு கேக்குது. ஆனா நீங்க போடுற சாப்பாட்டுக்கு எடை ஏறவே கூடாதேம்மா!"

பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே சாமை வாங்கி வந்து கிச்சடி கிண்டினாள் சுதா. போஸ்டர் ஒட்டும் பசை பதத்தில் வந்தது.

"ம்மா, இது ஒண்ணுமே இல்லாத மாதிரி கீதும்மா" என்று நிஷா தட்டைத் தள்ளினாள். அன்றைக்கும் ஃப்ரைடு ரைஸ்தான் வந்தது.

அடுத்த முறை இன்னும் ஒரு கிலோ. "தலையை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்" என்று சீட்டு எழுதினார் டாக்டர்.

கேட்டதும் கணவன் பரந்தாமன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "தலையிலயா? இன்னாடி சொல்ற?" மறுநாள் அரைக் கிலோ ஜிலேபியோடு வந்தான். "பாவம் கொய்ந்தை, துன்னட்டும்."

சுதா அன்றைய பக்கத்திலும் 'மாலை: பச்சைப்பயறு சுண்டல்' என்றே எழுதினாள்.

ஸ்கேன் நாளன்று டாக்டர் நிஷாவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "உனக்கு சாமை கிச்சடி பிடிக்குமா?"

நிஷா அம்மாவின் முகத்தை ஒரு நொடி பார்த்தாள்.

"சூப்பரா இருக்கும் ஆன்ட்டி. தெனம் அதான். அம்மா நல்லாத்தான் செய்றாங்க. என் உடம்புலதான் ஏதோ கெட்டது கீது."

அதற்குமேல் சுதாவால் முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பூரி, பிஸ்கட், பரோட்டா, ஜிலேபி எல்லாவற்றையும் கொட்டினாள். "அவ ஒடம்புல ஒண்ணுமில்ல டாக்டர். நான்தான் வெக்கப்பட்டுக்கினு பொய் எழுதினேன். இப்ப எனக்காகக் கொழந்தையும் பொய் சொல்லுது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாமே பொய்யா?"

"எல்லாமே."

"செய்முறை?"

"ஃபோனைப் பார்த்து எழுதினது."

டாக்டர் ஸ்கேன் சீட்டை இரண்டாகக் கிழித்தார். "நாளையில இருந்து உள்ளதை எழுதுங்க. ஒண்ணொண்ணா மாத்திக்கலாம், நாக்கு மெல்ல பழகிக்கும்." கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், இந்த விஷயத்தை வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

தன் மானத்தைக் காப்பாற்ற எவ்வளவு பெரிய மனசு! சுதா கும்பிட்டுவிட்டு, நிஷாவின் கையை இறுகப் பிடித்தபடி, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தாள்.

வராந்தாவில் மகளோடு காத்திருந்த ஒரு பெண் எழுந்து ஓடி வந்து வழிமறித்தாள்.

"அக்கா, நிஷா அம்மாதானே? நான் யுவராணி, திருநின்றவூரு. உங்க நோட்டைத்தான் டாக்டரம்மா ஜெராக்ஸ் எடுத்து, ஆராய்ச்சிக்குப் புள்ளைங்களைக் கூட்டியார எங்க இருவத்தாறு பேருக்கும் குடுத்தாங்க. அதைப் பார்த்து ஆக்கிப் போட்டு எல்லாப் புள்ளைங்களும் ரெண்டு ரெண்டு கிலோ எறங்கிடுச்சுங்க. உங்க பொண்ணுக்கு மட்டும் ஏங்க்கா எறங்கவே மாட்டேங்குது?"