நின்றபடி உறங்கிய குட்டி

"அப்பா, குதிரை நின்னுக்கிட்டா உறங்கும்?"

ஜெபகனி முன்பொரு நாள் கேட்ட கேள்வி அது. "ஆமா மக்கா" என்று செல்வதாஸ் நிறுத்தியிருக்கலாம். "பட்டாளத்துல நான் அதுக்க முதுகுல இருந்தே உறங்கியிருக்கேன்" என்று சேர்த்துவிட்டார். மகளின் கண் அப்படி விரிந்தால் எந்தத் தகப்பன்தான் நிறுத்துவான்? அவள் பள்ளிக்கூடத்தில் சொன்னாள். பள்ளிக்கூடம் ஊரில் சொன்னது. இரணியலில் அவருடைய சாயாக்கடைக்கு, 'குதிரைப்பட்டாளத்தார் கடை' என்றே பெயர் விழுந்துவிட்டது.

இப்போது அந்தக் கடை வாசலில் ஒரு குதிரைக்குட்டி பின்காலைத் தூக்கியபடி நின்றது. கோட்டாற்றிலிருந்து அந்த மாதம்தான் குதிரை வண்டியோடு வந்து சேர்ந்த தாடிக்காரர் அபுதாஹிரின் குட்டி. முள்கம்பி அதன் காலை ஆழமாகக் கிழித்திருந்தது. மாட்டு டாக்டர் ஊசியும் நூலும் எடுத்துவிட்டார்.

"அசைஞ்சா தைக்க முடியாது. தைக்கலேன்னா காலே போயிரும். குதிரை பழகின ஆளு யாராவது வந்து பிடிங்க."

கூட்டம் முழுவதும் ஒரே பக்கம் திரும்பியது. ஜெபகனி சிலேட்டோடு முன்னால் வந்து நின்றாள். செல்வதாஸ் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டினார். முடிச்சு இரண்டு தரம் நழுவியது.

"மொதல்ல தாய்க்குதிரையை அங்கிட்டு கொண்டு போங்க. தாயைக் கண்டா குட்டி துள்ளும்."

அபுதாஹிர் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "அண்ணன் சொன்னா சரி" என்று தாயைக் கடைக்குப் பின்னால் நடத்திப் போனார்.

குட்டி கதறிக்கொண்டு உதைத்த உதையில் பால் சட்டி கவிழ்ந்தது.

"கயிறு கொண்டா" என்றார் செல்வதாஸ். குட்டியின் கழுத்தில் போட்டு, கடை முன்னால் இருந்த ஓலைப் பந்தலின் காலில் கட்டினார். குட்டி இழுத்தது. பந்தல் கால் பெயர்ந்து, ஓலைக் கூரை டாக்டர் தலையில் இறங்கியது.

"ஓய், குட்டியைத்தான் பிடிக்கச் சொன்னேன். என்னை இல்ல" என்றது ஓலைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"கண்ணை மூடினா அடங்கும்" என்று செல்வதாஸ் அதன் தலையில் துண்டைப் போட்டார். கண் மறைந்த குட்டி, அவரை வடைத் தட்டோடு சேர்த்துச் சுவரில் சாய்த்தது.

"பட்டாளத்துல குதிரைதான் இவரைப் பிடிச்சிருக்கும் போல" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது. ஜெபகனி சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

குட்டியின் காலில் ரத்தம் இன்னும் வடிந்தது. அதைப் பார்த்ததும் செல்வதாஸுக்கு வீறாப்பெல்லாம் கரைந்துவிட்டது. 'கர்த்தாவே, என் பொய்க்கு இந்த வாயில்லா ஜீவனா பாடுபடணும்?' என்று நினைத்தார்.

"டாக்டர் ஸார், நான் பட்டாளத்துல வந்து..."

"அண்ணன் சொல்லுகது சரிதான்" என்று குறுக்கே வந்தார் அபுதாஹிர். செல்வதாஸ் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "ஆளு கூடினா குட்டி மிரளும். எல்லாரும் ரோட்டுக்குப் போங்க."

விழுந்த ஓலையை நிமிர்த்தி மறைப்பாக வைத்தார். தாய்க்குதிரையைக் குட்டியின் முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார். டாக்டர் காயத்தின்மேல் குனிந்ததும், செல்வதாஸின் காதருகே மெல்லச் சொன்னார்:

"சுவரோரமா நிறுத்துங்க. ஒரு கை நெஞ்சுக்கு முன்னால. மத்த கை வாலுக்குக் கீழ, பின்னால. நெரிக்காதீங்க. பிள்ளையை அணைச்சுக்கிடுக மாதிரி."

தாயின் மூச்சு முகத்தில் பட்டதும் குட்டியின் உடல் தளர்ந்தது. அதன் பாரம் செல்வதாஸின் கைக்குள் மெதுவாக இறங்கியது. டாக்டர் கடைசித் தையலை முடித்தபோது ஓலை விலகி, ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது.

"அப்பா, நெசமாவே நின்னுக்கிட்டு உறங்குது."

"உங்க அப்பாவுக்க கை அப்படி மக்கா" என்றார் தாய்க்குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்து நின்ற அபுதாஹிர், ரோடு வரைக்கும் கேட்கும்படி.

டாக்டர் போனார். கூட்டம் கலைந்தது. ஜெபகனி செய்தி சொல்ல வீட்டுக்கு ஓடினாள். செல்வதாஸ் மிஞ்சிய பாலில் ஒரு சாயா போட்டு நீட்டினார்.

"எல்லாம் நீரு செய்துட்டு, எதுக்குவே எனக்குப் பேரு வாங்கித் தந்தீரு?"

அபுதாஹிர் ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சிரித்தார்.

"அப்போ எனக்குத் தாடி கிடையாது, அண்ணனுக்கு ஓர்மை இருக்காது. பட்டாளத்துக் குதிரை லாயத்துல நான் காய்ச்சல்ல கிடந்தப்போ, ஒருத்தருக்கும் தெரியாம கஞ்சி கொண்டுவந்து தந்த சமையக்காரருக்க கைருசி, இந்தச் சாயாவுலயும் இன்னும் மாறல."