நூல்சாமி குறைத்த இரண்டு விரல்

1939-ஆம் வருஷம் பெங்களூரில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த தண்டுப் பகுதியில் உங்கள் உடம்பில் எது வீங்கினாலும் போக வேண்டிய இடம் ஒன்றுதான். பிளாக்பள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால், துணிக்கடைச் சந்து, நூல்சாமி மடம். இன்று சிவாஜிநகர் என்கிறார்களே, அந்த இடம்தான்.

மடம் என்றதும் கோபுரத்தைத் தேடாதீர்கள். முந்தின மாதம் வரை அது வெங்காய மண்டி. சாமி வந்ததும் வெங்காயம் போய் விபூதி வந்தது. உள்ளே போனவர்களுக்குக் கண்ணீர் வருவது மட்டும் மாறவில்லை.

கால் வீங்கியவர், கன்னம் வீங்கியவர், வயிறு வீங்கியவர் எல்லாரும் விடியற்காலையிலேயே வரிசையில் நின்றார்கள். நெற்றியில் நாமம், திருநீறு, கழுத்தில் சிலுவை, தலையில் துருக்கிக் குல்லா என்று பேதமே கிடையாது. நாட்டில் மத ஒற்றுமை இல்லை என்று சொன்னவர்கள் அந்த வரிசையைப் பார்த்ததில்லை.

சாமியின் வைத்தியம் ரொம்ப எளிமை. மஞ்சள் பூசிய நூலால் வீக்கத்தைச் சுற்றி அளந்து, முனை சேரும் இடத்தில் வெட்டிக்கொள்வார். மாட்டுக்கொம்பு ஒன்றை வீக்கத்தின்மேல் வைத்து உறிஞ்சி, கொம்பை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கவிழ்ப்பார். கறுப்பாக நீர் கொட்டும். "பார்! கெட்ட நீர்!" மறுபடியும் அதே நூலால் சுற்றுவார். இப்போது முனைகள் ஒன்றையொன்று தாண்டி இரண்டு விரல் மிச்சம் நிற்கும்.

"ரெண்டு விரல் குறைஞ்சிடுச்சு!" என்பார் சாமி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். எல்லாருக்கும் இரண்டு விரல்தான். யானைக்கால்காரருக்கும் இரண்டு விரல், பல்வலியில் கன்னம் புடைத்தவருக்கும் இரண்டு விரல். அப்படிப்பட்ட சமதர்மம்.

இந்த வரிசையில்தான் ஒரு நாள் அலர்மேல்மங்கை வந்து நின்றாள்.

அவள் ஃப்ரேசர் டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வயது நாற்பத்தாறு. இரண்டு வருஷத்துக்கு முன் இடது மார்பில் கட்டி வந்து, ஆஸ்பத்திரியில் டாக்டர் டோரதி மார்பையும் அக்குளில் இருந்த சுரப்பிகளையும் அறுத்து எடுத்தார். உயிர் பிழைத்தது. ஆனால் ஒரு வருஷம் கழித்து இடது கை மெல்ல வீங்கத் தொடங்கியது. விரல்கள் பருத்தன. கரும்பலகையில் எழுதும்போது டஸ்டரைப் பிடித்திருக்கும் கை ஈயமாய்க் கனத்தது. மாணவிகள் பார்க்கக்கூடாதென்று சேலைத் தலைப்பை எடுத்துக் கைமேல் போர்த்திக்கொண்டு பாடம் நடத்தினாள்.

டாக்டர் டோரதி விஷயத்தை ஒளிக்கவில்லை. "கையில ஊறுற நீர் அக்குள் வழியாத்தான் திரும்பிப் போகணும். அந்த வழியில இருந்த சுரப்பிகளை நாங்க எடுத்துட்டோம். மோரி அடைச்சிக்கிட்டா தண்ணி தேங்கி நிக்குமில்ல, அந்த மாதிரிதான். முழுசாப் போகும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அடக்கி வைக்கலாம். கையை உசத்தி வைங்க. துணிக்கட்டு போடுங்க. தினம் கொஞ்சம் அசைச்சுப் பயிற்சி பண்ணுங்க. கீறல் மட்டும் படவே கூடாது."

இதைக் கேட்டு முகம் சுளித்தவர் அலர்மேல்மங்கையின் கணவர் வெங்கடராமன். மைசூர் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. தலைப்பாகைக்குள் மூளை இருக்கிறதா என்று சர்க்கார் கேட்டதில்லை, அவரும் பார்த்துக்கொண்டதில்லை. ஆனால் மனைவிமேல் உயிரையே வைத்திருந்தவர். ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுத மனிதர்.

"முழுசாப் போகாதுன்னு சொல்றதுக்கு எதுக்கு ஒரு டாக்டர்? அந்த நூல்சாமி மூணே தடவையில முழுசாப் போகும்ங்கிறாராம். ஒரு தடவ போய்ப் பார்த்துடலாம் வா."

உண்மை பேசியவருக்கு ஒரு நோயாளி குறைந்தார். பொய் பேசியவருக்கு ஒருவர் கூடினார். உலகம் உருண்டை.

மடத்தில் பெண்களுக்குத் தனி ஏற்பாடு. சாமி பெண் மேனியைப் பார்க்கமாட்டாராம். ஆகையால் நடுவில் ஒரு திரை, திரையில் ஒரு கிழிசல். நோயாளி உள்ளே உட்கார்ந்து, தோள் முதல் விரல்நுனி வரை ஈர மஞ்சள் துணி சுற்றிய கையைக் கிழிசல் வழியே வெளியே நீட்டி மணையில் வைக்கவேண்டும். துணைக்கு ஒரு பெண் உள்ளே இருக்கலாம்.

"வளையலைக் கழட்டு. தங்கம் கெட்ட நீரை இழுத்துப் பிடிக்கும். என் பெட்டியில இருக்கட்டும், கை குணமானதும் வாங்கிக்கோ" என்றார் சாமி. நான்கு வளையல்களும் பெட்டிக்குள் போயின. வீங்கிய கையில் வளையல் கூடாது என்பதை டாக்டரும் சொல்லியிருந்தார். எங்கே வைப்பது என்பதில்தான் வைத்தியத்துக்கும் பக்திக்கும் வேறுபாடு.

முதல் வாரம் இரண்டு விரல். இரண்டாம் வாரம் இரண்டு விரல். மூன்றாம் வாரமும் அதே இரண்டு. அன்று சாமி துணியைக் கொஞ்சம் விலக்கிப் புறங்கையில் பிளேடால் நாலு கீறல் போட்டு, "நீர் இறங்க வழி விட்டிருக்கேன்" என்றார். புஜத்தில் ஒரு மந்திரக் கயிற்றையும் இறுக்கிக் கட்டினார். தண்ணீர் படக்கூடாது, அவிழ்க்கக்கூடாது.

திரும்பும் வழியில் அலர்மேல்மங்கை லிங்கராஜபுரத்தில் இறங்கி நோராவின் வீட்டுக்குப் போனாள். நோரா தையல்காரி. தண்டிலிருந்த வெள்ளைக்காரத் துரைசானிகளுக்குக் கவுன் தைப்பவள், பத்து வருஷமாக டீச்சருக்கு ஜாக்கெட்டும் தைப்பவள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பக்கத்துக்குப் பஞ்சு வைத்து, பார்ப்பவருக்குத் தெரியாமல் தைத்துக் கொடுத்தவள். வீக்கம் ஏற ஏற இடது கைப் பகுதியைப் பிரித்துப் பிரித்து அகலமாக்கியவளும் அவளே. அந்தக் கையை டாக்டரைவிட அதிகமாக அறிந்தவள்.

"நோரா, இடது கையைப் பிடிச்சுக் குறைச்சுத் தைக்கணும். ஆறு விரல் குறைஞ்சிருக்கு" என்றாள் அலர்மேல்மங்கை. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

நோரா இஞ்சு டேப்பை எடுத்தாள். சுற்றினாள். மறுபடியும் சுற்றினாள்.

"டீச்சரம்மா, போன மாசம் பன்னண்டரை இருந்திச்சு. இப்ப பதிமூணு."

"சரியாப் பாரு."

"பாத்துட்டேம்மா. கூடியிருக்கு."

"உன் டேப்பு சீமையில செஞ்சது. அதுக்கு நம்ம சாமியோட சக்தி எப்படித் தெரியும்?"

கணக்கு டீச்சர்தான் இதைச் சொன்னாள். எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நோரா சண்டை போடவில்லை. "அவரு எப்படிம்மா அளக்கறாரு? நீங்க பாத்தீங்களா?"

"நான் திரைக்கு உள்ள இருக்கேன். எப்படிப் பாக்கறது?"

"சரி. டேப்பு பொய் சொல்லுதுன்னே வச்சிக்கலாம். இந்த ஜாக்கெட்டுமா பொய் சொல்லும்? போடுங்க பாக்கலாம்."

போன மாதம் தைத்த ஜாக்கெட். முழங்கைக்குமேல் ஏறவில்லை. அலர்மேல்மங்கை இழுத்துப் பார்த்தாள், மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அந்தத் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாளில் ஜுரம் வந்தது. கை நெருப்பாய்ச் சிவந்து, குளிரில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வெங்கடராமன் சைக்கிளில் மடத்துக்கு ஓடினார்.

"நல்ல சகுனம். விஷம் வெளியே வருது" என்றார் சாமி.

"பொழைப்பாளா சாமி?"

"நாலாவது தடவை வந்தா பூரண குணம். ஊரைக் கூட்டிக் காட்டுவோம்."

வெங்கடராமன் திரும்பி வருவதற்குள், சேதி கேட்டு வந்த நோரா ஒரு ஜட்கா பிடித்து டீச்சரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். டாக்டர் டோரதி முதலில் கத்தரிக்கோலால் அந்த மந்திரக் கயிற்றை வெட்டி எறிந்தார். "கீறல் கூடாதுன்னு சொன்னேனே! இந்தக் கையில கிருமி நுழைஞ்சா சுலபத்துல அடங்காது. இன்னும் ரெண்டு நாள் தாமதிச்சிருந்தா ஆளே இருந்திருக்க மாட்டாங்க" என்று வெங்கடராமனைப் பார்த்துச் சொன்னார். அப்போதுதான் புதிதாக வந்திருந்த மாத்திரைகளைக் கொடுத்தார். எட்டு நாள் உயிர் ஊசலாடியது. ஒன்பதாம் நாள் ஜுரம் இறங்கியது.

கண் திறந்து உட்கார்ந்த அலர்மேல்மங்கை முதலில் கேட்டது கஞ்சியல்ல.

"நோரா, மூணு ரெண்டு எவ்வளவு?"

"ஆறும்மா."

"ஒவ்வொரு தடவையும் ரெண்டு விரல் குறைஞ்சிருந்தா, எட்டுத் தடவையில என் கை தொடப்பக் குச்சியாகி, அப்புறம் காணாமலே போகணும். நாப்பது பொண்ணுங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்றேன். இந்தக் கணக்கை ஏன் போட்டுப் பாக்கல?" அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. பரீட்சையில் காப்பியடிப்பவளைக் கையும் களவுமாகப் பிடிக்கப்போகும் டீச்சரின் சிரிப்பு. "நாலாவது தடவ வரச் சொன்னாரில்ல? போவோம்."

உடம்பு தேறி மூன்று வாரம் கழித்து வெங்கடராமனோடு போனார்கள். மடத்தில் திருவிழாக் கூட்டம். செத்துப் பிழைத்த டீச்சருக்குப் பூரண குணம் ஆகும் நாள் என்று சாமியின் ஆட்கள் தமுக்கடித்திருந்தார்கள். அலர்மேல்மங்கையும் நோராவும் திரைக்குள் போனார்கள். நோராவின் தோளில் ஒரு பெரிய துணிப்பை.

கிழிசல் வழியே மஞ்சள் துணி சுற்றிய கை வெளியே வந்து மணையில் படுத்தது. சாமி கண்ணை மூடி மந்திரம் சொன்னார். நூலால் அளந்தார், வெட்டினார். கொம்பை வைத்து உறிஞ்சினார். கிண்ணத்தில் கறுப்பு நீர் கொட்டியது. கூட்டம் 'ஓ' என்றது. மறுபடியும் நூலைச் சுற்றினார்.

"ரெண்டு விரல்!" என்று முழங்கினார். "அம்மா, கை இப்ப எப்படி இருக்கு?"

"ரொம்ப லேசா இருக்கு சாமி. கை இருக்கிறதே தெரியல" என்றது திரைக்குள்ளிருந்து குரல்.

"கேட்டீங்களா ஜனங்களே! கையைத் தூக்கிக் காட்டும்மா!"

திரையின் ஓரத்தை விலக்கிக்கொண்டு அலர்மேல்மங்கை வெளியே வந்தாள். வலது கை, இடது கை, இரண்டும் உடம்போடுதான் இருந்தன. மணையில் மூன்றாவது கை படுத்திருந்தது.

"எந்தக் கையைத் தூக்கணும் சாமி?"

பின்வரிசையில் நின்ற ஒரு ஜட்காக்காரர் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "அரே பாப்ரே! இது கை இல்ல, தலகாணி!"

நோரா வெளியே வந்து மஞ்சள் துணியை உருவினாள். உள்ளே மரத்தூள் அடைத்துத் தைத்த சட்டைக் கை. தையலைப் பிரித்தாள். தூள் மணைமேல் பொலபொலவென்று கொட்டியது. "நேத்துதான் தச்சேன். மரத்தூள்ல ஏது சாமி கெட்ட நீர்?"

சாமிகள் எளிதில் தோற்பதில்லை. "மூடர்களே! இவ நோயை இந்தப் பொம்மைக்கு மாத்திட்டேன்! அதான் அது குறைஞ்சது!"

கூட்டத்தில் நாலைந்து கைகள் கன்னத்தை நோக்கிப் போயே விட்டன.

"அப்படின்னா என் கை வத்தியிருக்கணுமே?" என்றாள் அலர்மேல்மங்கை. "காலையில அளந்தப்போ பதிமூணு. இப்ப நீங்களே அளந்து பாருங்க" என்று ஜட்காக்காரரிடம் டேப்பைக் கொடுத்து இடது கையை நீட்டினாள். இத்தனை நாள் தலைப்புக்குள் ஒளித்துவைத்த கை. அத்தனை பேர் முன்னால் திறந்து நீட்டினாள்.

"பதிமூணும்மா. ஸ்வல்பமும் குறையல" என்றார் அவர்.

நோரா மணையிலிருந்த நூலை எடுத்தாள். "ரெண்டு விரல் எங்க போச்சுன்னு நான் சொல்றேன். சட்டை லூசா வேணும்னு கேட்டா, டேப்புக்குள்ள ரெண்டு விரலை விட்டு அளப்போம். எல்லா டெய்லருக்கும் தெரியும். இவரு முதல்ல விரலை உள்ள விட்டு அளக்கறாரு. அப்புறம் விரலை உருவிட்டு இழுத்துக் கட்டறாரு. குறைஞ்ச ரெண்டு விரலும் இவரோடது! கிழிசல் வழியா இப்பத்தான் பாத்தேன்." கொம்பைத் தலைகீழாகத் தட்டினாள். நுனியிலிருந்து மசியில் ஊறிய பஞ்சு ஒன்று பொத்தென்று விழுந்தது.

சாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு நகர்ந்தார். அங்கே வெங்கடராமன் நின்றிருந்தார். வாழ்நாளில் யாரிடமும் உரக்கப் பேசியறியாத மனிதர். தலைப்பாகை கோணியிருந்தது.

"எம் பொண்டாட்டியைக் கொல்லப் பாத்தியேடா" என்றார். இரண்டு கையாலும் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வழியை விடவில்லை. அதற்குள் கூட்டம் வந்து பெட்டியைத் திறந்தது. உள்ளே எத்தனையோ பெண்களின் வளையல்கள். சாமியைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக ஜட்காக்காரர் முன்வந்தார். "வண்டிக்கு பாடிகெ ஒரு காசு வேணாம். சும்னே கொண்டுபோய் விடறேன்" என்றார்.

வீக்கம் முழுசாகப் போகவில்லை. டாக்டர் சொன்னபடியே நடந்தது. அலர்மேல்மங்கை தினமும் விரலிலிருந்து மேல்நோக்கித் துணிக்கட்டுச் சுற்றினாள், கையைத் தலையணைமேல் உயர்த்திவைத்துத் தூங்கினாள், காய் நறுக்கும் வேலையைக் கணவர் தலையில் கட்டினாள். நாலு மாதத்தில் பதிமூன்று பதினொன்றே முக்காலுக்கு வந்தது. வகுப்பில் தலைப்பால் மூடுவதை விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தாபுராவிலிருந்து ஒரு பெண் வீடு தேடி வந்தாள். அவளுக்கும் அதே ஆபரேஷன், அதே வீக்கம். டாக்டர் சொன்னதையெல்லாம் அலர்மேல்மங்கை ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"எல்லாம் சரிங்கம்மா. இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி எந்தச் சாமியைக் கேக்கணும்?"

அலர்மேல்மங்கை அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கும்பிடறதுக்கு ரெண்டு கை வேணும், தாயி. அதுல ஒண்ணு உனக்கு வலிக்குது. யோசிக்கறதுக்குத் தலை ஒண்ணே போதும். அது வீங்கவும் இல்ல, வலிக்கவும் இல்ல. முதல்ல அதைக் கேளு."