எல்லாம் பச்சைதானுங்க

பச்சைத் திரைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். அலுவலகமோ ஆஸ்பத்திரியோ ஆலையோ, எங்கே நாலு கம்ப்யூட்டர் சேர்ந்திருக்கிறதோ அங்கே ஏ.சி. அறைக்குள் ஒருவர், சுவர் நிறைய ஒரு திரையை மாட்டி, அதில் பச்சைப் புள்ளிகள் மின்ன, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு என்ன வேலை? பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பது.

அன்னூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் இந்த இனத்தின் அசல் வார்ப்பு ஆதர்ஷ். ஆலைக்குள் இன்டர்நெட்டைப் பங்கிட்டுத் தரும் ஸ்விட்ச் பெட்டிகள் மூலைக்கு மூலை உண்டு. எஸ்.என்.எம்.பி. என்றொரு ஏற்பாடு, அதன்படி திரை விசாரித்தால் ஒவ்வொரு பெட்டியும் தன் சூடு, பளு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லும். நிலைமை மோசமென்றால் கேட்காமலேயே கூவும். ஆதர்ஷுக்குப் பிடிக்காததும் இந்த நல்ல குணம்தான்.

நூற்பாலையில் பஞ்சு பறக்கும். அது பெட்டியின் விசிறியில் போய் அடைக்கும், பெட்டி சூடாகும், திரையில் சிவப்புப் புள்ளி வரும். உடனே முதலாளி கண்ணையா கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்து, அதென்ன சிவப்பு என்று விசாரிப்பார். சிவப்பைப் போக்க இரண்டு வழி. ஏணியில் ஏறிப் பஞ்சைத் துடைக்கலாம், சட்டையெல்லாம் ஒட்டும். அல்லது நாற்காலியில் இருந்தபடியே, அறுபது டிகிரிக்குக் கூவச் சொல்லியிருப்பதை எழுபதாக்கலாம். ஆதர்ஷ் எழுபதாக்கினான். பிறகு எண்பது. அப்போதும் ஒரு பெட்டி அடங்காமல் கூவியது. ‘பராமரிப்பில் உள்ளது’ என்று குறித்து அதன் வாயையே அடைத்துவிட்டான். பராமரிப்புக்கும் பச்சை நிறமே கொடுத்திருந்தான், கெட்டிக்காரன்.

அந்தப் பெட்டி ஷைமாவின் தலைக்கு மேலே இருந்தது. ஷைமா டெஸ்பாட்ச் பிரிவுக்குப் புதிதாக வந்தவள். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் தூத்துக்குடிக் கப்பலுக்குப் போகும் சரக்கு ஒன்றுகூடத் தவறக் கூடாது. நெட் விட்டு விட்டு வருகிறது, பெட்டி தொட்டால் சுடுகிறது என்று அவள் போனில் சொல்லாத நாளில்லை.

“உங்களுக்குச் சுடுதுங்க. எனக்குப் பச்சையாத்தான் இருக்குதுங்க” என்பான் ஆதர்ஷ். மரியாதைக்கு மட்டும் குறைவே வைக்க மாட்டான்.

கப்பல் சரக்கு லாரியில் ஏறிய மாலையில் பெட்டி செத்தது. பில் போடும் சர்வர் அந்தப் பெட்டி வழியாகத்தான் பேசும். பில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. புதுப் பெட்டி வந்து மாட்டுவதற்குள், சரக்கைக் கப்பலில் ஏற்றும் கெடு போயே போய்விட்டது.

விசாரணையில் ஆதர்ஷ் திரையைக் காட்டினான். மாதக்கணக்காக ஒரே பச்சை. இவ்வளவு ஆரோக்கியமாக இருந்த பெட்டி திடீரென்று போகிறதென்றால் டெஸ்பாட்ச்காரர்கள்தான் கை வைத்திருக்க வேண்டும் என்று ரொம்ப வருத்தத்தோடு சொன்னான்.

“பொட்டி சுடுதுன்னு தெனமும் சொன்னனுங்க” என்றாள் ஷைமா.

கண்ணையா அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். “இத்தன பச்சையா இருக்குதே, கண்ணு” என்றார். மாதக் கடைசியோடு அவளை நிறுத்திவிட்டார்கள்.

ஆதர்ஷுக்கு மனசு சங்கடப்படாமல் இல்லை. கைப்பையோடு அவள் கேட்டைத் தாண்டுவதைப் பார்த்தபோது நெஞ்சில் என்னவோ உறுத்தியது. திரும்பித் திரையைப் பார்த்தான். சரியாகிவிட்டது. அடுத்த வாரம் முதலாளி அவனுக்கு இன்னும் பெரிய திரையாக ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

இந்நேரம் அவனைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். திட்டுங்கள், அவனுக்கு வேண்டியதுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். சுகர் டெஸ்ட் வருகிறதென்று நாலு நாள் மைசூர்பாகைத் திரும்பியும் பார்க்காமல், ராகிக்களியாகத் தின்று, ரிப்போர்ட் நன்றாக வந்ததும் லேப் வாசலிலிருந்து நேரே ஸ்வீட் கடைக்குப் போனது யாருங்க? உங்கள் ரிப்போர்ட்டும் பச்சைதான். பெட்டியைத் தொட்டுப் பார்த்தீர்களா?