கரடி வீட்டு ப்ரீ-கேஜி அட்மிஷன்

ஒரு காட்டில் வடிவு என்றொரு கரடி இருந்தாள். அவளுக்குச் சடையன் என்று ஒரு கணவனும் குந்துமணி என்று ஒரு மகளும் உண்டு. கரடிகளின் வழக்கப்படி குந்துமணி பிறந்ததிலிருந்து அம்மாவின் முதுகிலேயே குடியிருந்தாள். வடிவு புற்றைத் தோண்டும்போதும் முதுகில், தேனெடுக்க மரம் ஏறும்போதும் முதுகில், தேனீக்கள் துரத்தி ஓடும்போதும் முதுகில். சும்மா இருந்தாலும் பரவாயில்லை. "அம்மா, கறையானுக்கு அம்மா உண்டா? அந்த அம்மாவையும் நாம தின்னுட்டோமா?" என்று காதுக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டே வருவாள். வடிவு கண்ணசந்து தூங்கி மாதக்கணக்காகியிருந்தது.

இப்படி இருக்கையில் ஒருநாள் ஓடைக்கரையில் காட்டுப்பன்றி கோமளம் அவளைப் பிடித்துக்கொண்டாள். கோமளத்துக்கு ஏழெட்டுக் குட்டிகள். அத்தனையும் யூனிஃபார்மில் இருந்தன.

"என்ன வடிவு, இன்னுமா பாப்பாவை எங்கேயும் சேர்க்கல? என் குட்டிங்க இப்பவே நூறு வரைக்கும் சொல்லுதுங்க."

"நூறு எதுக்குக்கா? நமக்கு எண்ணுறதுக்கு என்ன இருக்கு?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது. வயசு தாண்டிட்டா அப்புறம் எங்கேயும் எடுக்க மாட்டாங்க. உன் புள்ள காட்டுலயே திரியும், பாத்துக்க."

காட்டு விலங்கின் பிள்ளை காட்டில் திரிந்தால் என்ன கெட்டுப்போகும் என்று வடிவுக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. குடிக்க வந்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் திரும்பி நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சடையனிடம் சொன்னாள். "நாம படிச்ச பால்வாடியிலேயே விட்டுடலாங்க. அந்த இலுப்பை மரத்தடி ஞாபகம் இருக்கா? யானை ஆயா சத்துமாவு உருண்டை குடுத்து, தும்பிக்கையால முதுகுல தட்டித் தூங்க வைப்பாங்க. என்ன சுகம்!"

"சுகமா?" என்று பதறினான் சடையன். "வாயைத் திறந்தா தூக்கிக் கிளையில உட்கார வச்சிடும் அந்த அம்மா. நான் பாதி நாள் கிளையிலதான் இருந்தேன்."

"நீங்க கரடி. கிளையில உட்கார என்ன கஷ்டம்?"

"ஏறத்தான் சொல்லிக் குடுத்திருந்தாங்க. இறங்குற பாடம் அடுத்த வருஷம்!"

இருவரும் ஒரே மரத்தடியில், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். அவள் மனதில் தங்கியது தூக்கம், அவன் மனதில் தங்கியது அழுகை. வாக்குவாதம் முற்றி, ஆயாவையே நேரில் கேட்டுவிடுவதென்று குந்துமணியோடு கிளம்பினார்கள்.

மரத்தடியில் ஆயா இல்லை. குட்டிகள் தங்கள் பாட்டுக்கு மண்ணைத் தின்றுகொண்டிருந்தன. ஆயா குன்றின் உச்சியில், தும்பிக்கையில் ஒரு செல்போனை வானத்தை நோக்கி நீட்டியபடி நின்றாள்.

"இங்கதாம்மா சிக்னல் கிடைக்குது," என்றாள் மூச்சு வாங்க. "ஒவ்வொரு புள்ளையும் உருண்டை திங்கிறதைப் போட்டோ எடுத்து ஏத்தணும். ஏத்துனாத்தான் மறுபடி மாவு வரும்."

"எங்களைத் தெரியுதா ஆயா? நான் நல்லாத் தூங்குவேன். இவரு அழுவாரு."

ஆயா இருவரையும் உற்றுப் பார்த்தாள். "ரெண்டு பேரும் கடிப்பீங்க," என்றாள்.

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. ஆயா குந்துமணியை நிறுத்திப் போட்டோ எடுத்தாள். 'முகம் இல்லை' என்றது செல்போன். வெளிச்சத்துக்குத் திருப்பி எடுத்தாள். அப்போதும் முகம் இல்லை. கொஞ்சம் குனிந்து, கிட்டப் போய் எடுத்தாள். 'தேங்காயை அகற்றிவிட்டுக் குழந்தையைக் காட்டவும்' என்றது.

"கரடிப் புள்ளைன்னா மட்டும் இது ஒத்துக்க மாட்டேங்குது தாயி. மொட்டை போட்டுக் கூட்டியா, பாப்போம்," என்றாள் ஆயா.

வடிவு மகளை வாரி முதுகில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டாள்.

மிச்சம் இருந்தது ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த ப்ளே ஸ்கூல் ஒன்றுதான். பெயர் பூஞ்சிறகு இன்டர்நேஷனல். சைபீரியாவிலிருந்து வழி தவறி வந்த ஒரு வாத்துக்குஞ்சு அங்கே சேர்ந்ததிலிருந்து அது இன்டர்நேஷனல். அதன் பிரின்சிபால் மிருதுளா மிஸ் ஒரு நாரை. எப்போதும் ஒற்றைக் காலில் நின்றுதான் பேசுவாள். இன்னொரு காலை எதற்காக வைத்திருக்கிறாள் என்று பெற்றோர் யாருக்கும் தெரியாது. கேட்கவும் பயம்.

இன்டர்வியூவுக்கு மூவரும் போனார்கள். மிஸ் ஒரு நாவல்பழத்தை எடுத்துக் குந்துமணியிடம் நீட்டி, "இது என்ன கலர்?" என்றாள்.

குந்துமணி அதை வாங்கித் தின்றாள். பிறகு நாக்கை நீட்டிக் காட்டி, "இந்தக் கலர்," என்றாள்.

மிஸ்ஸின் அலகு லேசாகத் திறந்து மூடியது. பிறகு பெற்றோர் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் எங்க ஸ்கூலைத் தேர்ந்தெடுத்தீங்க?"

சடையன் மனப்பாடம் செய்து வந்திருந்தான். "குழந்தையின் முழுமையான வளர்ச்சிக்காக," என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான்.

"அம்மா சொல்லுங்க?"

வடிவும் அதையேதான் மனப்பாடம் செய்திருந்தாள். ஆனால் எதிரே விரித்திருந்த மெத்துமெத்தென்ற பாயைப் பார்த்ததும் வாய் தானாக, "தூங்கணும் மிஸ்," என்றது.

சடையன் அவள் காலை மிதித்தான். மிஸ் கண்டுகொள்ளவில்லை. "சரி, கடைசி டெஸ்ட். பாப்பா அம்மாவை விட்டு இருக்காளான்னு பாக்கணும். பாப்பா, பக்கத்து ரூமுக்குப் போறியா?"

குந்துமணி முதுகிலிருந்து சறுக்கி இறங்கினாள். அந்த வாத்துக்குஞ்சின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வடிவுக்கு முதலில் முதுகு லேசாக இருந்தது. பிறகு குளிர்ந்தது. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினாள். அங்கே யாரும் இல்லை. கறையானுக்கு அம்மா உண்டா என்று கேட்க ஆளில்லை. உதட்டைக் கடித்தாள், மூக்கை உறிஞ்சினாள், பிறகு அடக்க முடியாமல் "ஓ" என்று ஒரு குரல் எடுத்தாள். அலமாரியில் இருந்த பொம்மைகள் விழுந்தன. பக்கத்து வகுப்பில் மான்குட்டிகள் சேர்ந்து அழத் தொடங்கின. மிருதுளா மிஸ் அந்த இன்னொரு காலையும் தரையில் ஊன்றிவிட்டாள்.

குந்துமணி கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். "அம்மா, நான் இங்கதான் இருக்கேன்," என்றாள். பிறகு மிஸ்ஸிடம் தாழ்ந்த குரலில், "வீட்டுலயும் இப்படித்தான்," என்றாள்.

மறுநாள் முடிவைச் சொன்னார்கள். "உங்க பாப்பாவுக்கு நாங்க சொல்லிக் குடுக்க ஒண்ணுமில்லை," என்றாள் மிஸ். "தனியா இருக்கா, நல்லாப் பேசுறா, தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துத் திங்கிறா. அம்மாவுக்குத்தான் பிரிஞ்சு இருக்கத் தெரியல. அவங்களை ப்ரீ-கேஜியில எடுத்துக்கிறோம்."

"நான்?" என்றான் சடையன் ஆவலாக.

"நீங்க அழவே இல்லையே."

முதல் நாள் காலை குந்துமணிதான் அம்மாவைக் கொண்டுவந்து விட்டாள். வடிவு கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். குந்துமணி அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். "அழக் கூடாது. சாப்பாட்டை மிச்சம் வைக்கக் கூடாது. சாயங்காலம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்." அப்பாவைக் கூட்டிக்கொண்டு புற்றுத் தோண்டப் போனாள்.

வடிவு பத்துமணிவரை அழுதாள். பிறகு பால் கொடுத்தார்கள். பிறகு பாட்டுப் பாடினார்கள். மதியம் பாயை விரித்து, "எல்லாரும் கண்ணை மூடுங்க," என்றார்கள். மாதக்கணக்கில் பாக்கியிருந்த தூக்கம் மொத்தமாக வந்து அவளை அமுக்கியது. அவள் குறட்டையில் முயல்குட்டிகள் தாலாட்டுக் கேட்டதுபோல் தூங்கின. எழுப்பும்போது அவள் முகத்தைப் பார்த்த அந்த ஸ்கூல் ஆயா, இப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை என்று எல்லோரிடமும் சொன்னாளாம். ஒரு வாரத்தில் வடிவு காலையில் மகளை முந்திக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டாள்.

விஷயம் காடெங்கும் பரவியது. அடுத்த வாரமே கோமளம் தன் குட்டிகளின் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு, அவர்களைக் கூட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்கு வந்து, கேட் வாசலில் விழுந்து புரண்டு அழுதாள். மந்திகள் மாரில் அடித்துக்கொண்டன. தினமும் ஓடைக்கரையில் அழுது பழகிய சடையனுக்கும் கடைசியில் இடம் கிடைத்தது. ப்ரீ-கேஜி நிரம்பியது. வாத்துக்குஞ்சு இடம் பற்றாமல் சைபீரியாவுக்கே திரும்பிப் போயிற்று. காட்டில் புற்று தோண்டுவது, தேனெடுப்பது, புலி வந்தால் குரல் கொடுப்பது எல்லாம் குட்டிகளின் பொறுப்பாயிற்று. பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை, காடு கொஞ்சம் அமைதியாக இருந்தது என்பதைத் தவிர.

வருடக் கடைசியில் மிஸ் குந்துமணியைப் பேச வரச் சொல்லியிருந்தாள். குந்துமணி வேலையைப் போட்டுவிட்டு, கைநிறையப் புற்றுமண்ணோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"உங்க அம்மா ரொம்பக் கெட்டிக்காரி. கலர் எல்லாம் சொல்றாங்க. யாரையும் கடிக்கிறதில்லை," என்றாள் மிஸ். "ஒரே ஒரு குறைதான். சதா கேள்வி கேக்குறாங்க. வீட்டுல யாரும் அவங்களோட உட்கார்ந்து பேசுறதில்லையோ?"

குந்துமணி பெருமூச்சு விட்டாள்.

"நேரம் எங்க இருக்கு மிஸ்? இன்னும் ஒரு வருஷம் இங்கயே இருக்கட்டும்."

நீதி: பள்ளிக்கூட வாசலில் யார் அதிகமாக அழுகிறாரோ, சீட் அவருக்கே.