உங்கள் தம்பி உயிரோடுதான் இருக்கிறார்

மஹய்யாவை, கண்டி.
ஞாயிற்றுக்கிழமை காலை.

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட மதினி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி மாரீஸ்வரி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தம்பி உயிரோடும் நல்ல பசியோடும் இருக்கிறார். இந்த வரியை இன்னொரு முறை வாசித்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள். அங்கே அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா, உங்களுக்கு முழங்கால் வலி குறைந்ததா என்று அறிய ஆவல். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் முதல் வார்த்தை பேசுவதற்குள் நீங்கள் "ஐயோ என் தம்பி!" என்று தெருவைக் கூட்டியிருப்பீர்கள். நேற்று ஒரு தெரு கூடியதே போதும் மதினி.

முதலில் முக்கியமான விஷயம். விருதுநகரில் உங்களுக்கு எதிர்வீடு காலியாகிறது என்றீர்களே, அதை எங்களுக்கே சொல்லி வையுங்கள். ஜூனோடு இவருடைய ஒப்பந்தம் முடிகிறது. தேயிலை ஃபேக்டரி மெஷின்களை இவரைப் போலப் பார்க்க ஆள் இல்லை, இன்னும் இரண்டு வருஷம் இருங்கள் என்று கம்பெனியில் தாளை நீட்டியிருக்கிறார்கள். இவரோ கையெழுத்துப் போடாமல் என் முகத்தையே பார்க்கிறார். நான்தான் வேண்டாம் என்றேன். ஊர் குளுகுளுவென்று இருக்கிறது, தெருவில் பேசுவதும் நம் பாஷைதான், ஆனால் வந்து மூன்று வருஷமாகியும் "சாப்பிட்டீங்களா", "மழை வரும் போல" என்பதற்கு மேல் யாரோடும் பழக்கமில்லை. பிள்ளையும் இல்லாத எங்களுக்கு நாளைக்கு ஒன்று என்றால் வாசலில் வந்து நிற்க யார் இருக்கிறார்கள்? உங்களிடம் ஒளிப்பதற்கென்ன, இந்த நினைப்பில் பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது நேற்றைய கதைக்கு வருகிறேன். நம் ஊர் டிவியில் நாலு பேர் உட்கார்ந்து காலையிலேயே குரைத்துக்கொள்வார்களே, இங்கே அப்படி இல்லை. எங்களுக்கு மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் சோதிலிங்கம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், கல்விக் கந்தோரில் (ஆபீஸை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கீழ்வீட்டில் அவர் போடும் ரேடியோ மாடியில் எனக்கும் கேட்கும். தினமும் காலையில் ஒரு பெண் பன்னீர் தெளிப்பது போலப் பேசுவாள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று தொடங்கி, இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும் என்று வரிசையாகச் சொல்வாள். அந்த நேரம் பார்த்துத்தான் நான் சட்னிக்கு மிக்சியைப் போடுவேன். மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட முடிவைக் கேட்டதில்லை. ஆனால் தொடக்கத்தைக் கேட்டே சொக்கிப்போனேன். ஒரு சாதாரண மனுஷனைத் தாய் தகப்பன், கூடப்பிறந்தவர்கள் பெயரோடு ரேடியோவில் கௌரவப்படுத்துகிறார்களே, இதல்லவோ நாகரிகம் என்று இவரிடம்கூடச் சொன்னேன். இவர் தோசையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நேற்று சனிக்கிழமை உங்கள் தம்பிக்கு ஐம்பதாவது பிறந்தநாள். புசல்லாவையில் ஒரு ஃபேக்டரியில் மெஷின் மக்கர் பண்ணுகிறது என்று விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். நாலு மணிக்குத் திரும்பி வரும்போது அவர் அசந்துபோக வேண்டும் என்று எனக்கு ஒரே குதூகலம். போனில் போஸ்டர் செய்யும் ஆப் ஒன்று இருக்கிறது. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து, வெள்ளைப் பூவும் குத்துவிளக்கும் உள்ள அமைதியான டிசைன் ஒன்றை எடுத்தேன். போட்டோவுக்குச் சிரித்த முகமாக ஒன்று தேடினால், உங்கள் தம்பி என்றைக்குச் சிரித்தார்? விசாவுக்கு எடுத்த படம்தான் கிடைத்தது. அடியில் எழுத வேண்டுமே என்று யோசித்தபோது, ரேடியோப் பெண்ணின் மரியாதைதான் ஞாபகம் வந்தது. "விருதுநகரைப் பிறப்பிடமாகவும், கண்டி மஹய்யாவையை வதிவிடமாகவும் கொண்ட திரு. சங்கரபாண்டி அவர்கள், மாரீஸ்வரியின் பாசமிகு கணவரும், பாண்டியம்மாளின் ஆருயிர்ச் சகோதரரும் ஆவார்" என்று எழுதினேன். ஆமாம் மதினி, உங்கள் பெயரையும் விடவில்லை. "இன்று மாலை நான்கு மணிக்கு எமது இல்லத்திற்கு அனைவரும் வருகை தரவும். தொடர்புகளுக்கு: மனைவி" என்றும் போட்டேன். கடைசியில் இடம் போதாததால் "ஐம்பதாவது பிறந்தநாள் வாழ்த்துகள்" என்பது எறும்பு அளவில் அமைந்தது. தெருவுக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எட்டு மணிக்கு அனுப்பினேன். உடனே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. பிறகு கண்ணீர் விடும் முகங்கள். ஆனந்தக் கண்ணீர் போலும், எவ்வளவு பாசம் என்று பூரித்து, போனைச் சார்ஜில் போட்டுவிட்டு கேசரி கிண்டப் போனேன்.

ஒரு மணி நேரம் கழித்து எட்டிப்பார்த்தால் இளவட்டங்கள் ஏணி வைத்து, தெருமுனையிலிருந்து எங்கள் கேட் வரைக்கும் கொடி கட்டுகிறார்கள். எல்லாம் வெள்ளை. நம் ஊராக இருந்தால் பச்சை, சிவப்பு என்று கண்ணைப் பறிக்கும். இங்கே ரசனையே அடக்கமானது என்று நினைத்துக்கொண்டேன். பின்னாலேயே ஒரு லொறி வந்தது. கூடாரத் துணி இறங்குகிறது, நூறு பிளாஸ்டிக் நாற்காலி இறங்குகிறது (இங்கே கதிரை என்பார்கள்), தேத்தண்ணிப் பானை (அதாவது டீப் பானை) இறங்குகிறது. கூடவே கறுப்பையா ஐயா இறங்கினார். இந்தத் தெரு மரணாதார சங்கத்தின் தலைவர். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒரு மணி நேரத்தில் கொடி, கூடாரம், கதிரை, தேத்தண்ணி எல்லாம் கொண்டுவந்து நிறுத்தும் சங்கம் அது. இந்த விவரமெல்லாம் எனக்கு நேற்று மத்தியானம்தான் தெரியும். காலையில் நான் அவரை வாசலில் கும்பிட்டு, "ஒரு பிறந்தநாளுக்கு இவ்வளவா ஐயா?" என்று கேட்கப் போனேன். அதற்குள் அவர் "நீங்க ஒன்னும் பேச வேணாம்மா, எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை மதினி. வந்தவர்களையெல்லாம் வாய் நிறையச் சிரித்து வரவேற்று, ஆளுக்கு ஒரு கரண்டி கேசரி வைத்தேன்.

என் சிரிப்பைப் பார்த்துத்தான் பெண்கள் பயந்துபோனார்கள். பக்கத்து வீட்டு பாப்பம்மா அக்கா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு, "அழுதுரு புள்ள, நெஞ்சுக்குள்ளயே வச்சுக்காத" என்றார்.

"நல்ல நாளும் அதுவுமா நான் ஏன்க்கா அழணும்?" என்றேன்.

"ஐயோ, புத்தி கலங்கிருச்சே!" என்று அவர் தன் மார்பில் அடித்துக்கொண்டார்.

அப்போது சோதிலிங்கம் ஐயா வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக மெல்ல வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "பிள்ளை, மனசைத் திடப்படுத்திக்கொள்ளும். ஆள் இப்ப எங்க?"

"புசல்லாவையில, ஃபேக்டரியில ஐயா."

"எத்தினை மணிக்குக் கொண்டு வருவினம்?"

"யாரும் கொண்டு வர வேண்டாம் ஐயா. நாலு மணிக்கு அவரே பஸ் ஏறி வந்துருவாரு."

ஐயா மனைவியைத் திரும்பிப் பார்த்து, "இராசமணி, ஒரு சோடா உடைச்சுக் கொண்டு வாரும்" என்றார். சோடா வந்ததும் அவரே குடித்தார்.

பாப்பம்மா அக்காவின் மகள் கிருஷாந்தி வங்கியில் வேலை செய்கிறவள். அவள்தான் போனைப் பெரிதாக்கி அந்த எறும்பு எழுத்தை வாசித்தாள். "ஆன்ட்டி, இது பேர்த்டே போஸ்டரா? ரேடியோவுல காலையில வாசிக்கிற மாதிரி இப்புடி எழுதுனா இங்க மரண அறிவித்தல்னுதான் ஆன்ட்டி எல்லாரும் நெனப்பாங்க!" என்றாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. "அவர் சாகல, அவர் சாகல" என்று கத்தினேன். யார் நம்புகிறார்கள்? கட்டியவனைப் பறிகொடுத்தவள் எவளும் அதைத்தானே சொல்வாள்! போதாததற்கு, அதற்குள் என் போஸ்டர் எங்கெங்கோ போய், யாரோ ஒரு புண்ணியவான் அதை வீடியோவாக்கிவிட்டான். பின்னால் புல்லாங்குழல் அழ, மெஷின் குரல் ஒன்று உங்கள் தம்பியின் வாழ்க்கையை வாசிக்கிறது. எழுநூறு பேர் அதற்கு அடியில் மெழுகுவர்த்திப் படம் ஏற்றியிருக்கிறார்கள். அதில் பாதிப்பேருக்கு விருதுநகர் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது.

சரி, ஆளையே கூப்பிட்டுக் காட்டிவிடலாம் என்று, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு இவர் நம்பரை அடித்தேன். புசல்லாவையில் அந்த ஃபேக்டரி பள்ளத்துக்குள் இருக்கிறது, சிக்னல் கிடையாது. "நீங்கள் அழைக்கும் நபரைத் தற்போது தொடர்புகொள்ள முடியாது" என்றாள் ஒருத்தி. அவ்வளவுதான், கூடாரமே ஓவென்று அழுதது. நான் பத்து தடவை அடித்தேன். பத்து தடவையும் அவள் அதையே சொன்னாள். உண்மையைச் சொல்கிறேன் மதினி, பதினோராவது தடவை எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இருநூறு பேர் ஒன்று சொல்கிறார்கள், போன் ஒன்று சொல்கிறது, வீடியோ ஒன்று சொல்கிறது, நான் ஒருத்திதான் இல்லை என்கிறேன். காலையில் மலைரோட்டில் போன பஸ்ஸுக்கு நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால்? என்னை அறியாமல் அழுதுவிட்டேன். பாப்பம்மா அக்கா என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டார். இராசமணி அம்மா என் கையைப் பிடித்தவர் இரண்டு மணி நேரம் விடவில்லை. வத்தேகம சந்தையில் காய்கறி விற்கும் அஸ்ஃபர் நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்பார்கள்) வாராவாரம் கத்தரிக்காய்க்குச் சண்டை போடுவேன், அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது என்று நினைத்திருந்தேன். அந்த மனுஷன் சந்தை நாளில் கடையை மூடிவிட்டு, அழுத கண்ணோடு வந்து ஓரமாக நின்றார்.

இதற்கிடையில் எங்கள் தெருவில் வாடகை வேன் ஓட்டும் முஹைதீன் நானா யாரிடமும் கேட்காமல் காலையிலேயே தன் வேனை எடுத்துக்கொண்டு புசல்லாவைக்குப் போயிருந்தார். ஃபேக்டரி கேட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்ற ஆளிடம், "சங்கரபாண்டி சேரோட மையத்தை எங்க வெச்சிருக்கிங்க?" என்று கேட்டாராம். மையத்து என்றால் பிரேதம். நின்றவர் உங்கள் தம்பிதான். "நான்தானே சங்கரபாண்டி" என்றிருக்கிறார். முஹைதீன் நானா கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அவர் தெளிந்து வெளியில் வந்து கூப்பிட்ட நேரமெல்லாம் என் போன் அழுகிறவர்களின் அழைப்பில் பிசி. அதனால் நேராக வேனையே கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். கதவு திறந்தது, உங்கள் தம்பி இறங்கினார். வெள்ளைக் கொடியைப் பார்த்தார், கூடாரத்தைப் பார்த்தார், கதிரையில் மாலை போட்டு வைத்திருந்த தன் விசாப் படத்தைப் பார்த்தார். "யாரு தவறினது?" என்றார். நான் ஓடிப்போய் அத்தனை பேர் முன்னால் அவரைக் கட்டிக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து செய்யாத காரியம், நீங்கள் மன்னிக்க வேண்டும்.

பிறகென்ன, ஒரே சிரிப்பும் கும்மாளமும்தான். கட்டிய கூடாரத்தைச் சும்மா அவிழ்க்கக் கூடாது என்று அங்கேயே கேக் வெட்டினார்கள். கம்பெனியிலிருந்து ஐந்து மணிக்குத் தாமதமாக ஒருவர் மலர்வளையத்தோடு ஓடி வந்தார். உங்கள் தம்பியே எழுந்து போய் வாங்கி வைத்துவிட்டு, அவருக்குக் கேசரி கொடுத்து அனுப்பினார். எல்லாரும் போன பிறகு நான் கறுப்பையா ஐயாவிடம் போய், "நாங்க உங்க சங்கத்துல உறுப்பினரே இல்லையே ஐயா, எப்படி இவ்வளவும் செஞ்சீங்க?" என்று கேட்டேன். அவர் கதிரைகளை அடுக்கிக்கொண்டே, "சங்கத்துல பேரு இல்லாட்டி என்னம்மா, தெருவுல இருக்கீங்கல்ல" என்றார். நானும் கூட நின்று கதிரைகளை எடுத்துக் கொடுத்தேன்.

ஆனாலும் மதினி, மானம் போனது போனதுதான். இந்தத் தெருவில் இனி எந்த முகத்தோடு நடப்பேன்? போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். எல்லாக் குழுவிலிருந்தும் விலகிவிட்டேன். இனி என் ஆயுளில் போஸ்டர், வாட்ஸ்அப், வீடியோ என்ற பேச்சே கிடையாது. ஜூனில் கட்டாயம் வந்துவிடுகிறோம், எதிர்வீட்டை விட்டுவிடாதீர்கள். அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மாரியம்மன் கோயிலில் உங்கள் தம்பி பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்துவிடுங்கள், ஆயுள் கெட்டி என்று நேற்றே தெரிந்துவிட்டது என்றாலும்.

உங்கள் பாதம் வணங்கும்,
மாரீஸ்வரி.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கறுப்பையா ஐயா ஒரு படிவத்தோடு வந்துவிட்டார். சங்கக் கூட்டத்தில் முடிவு செய்துவிட்டார்களாம், இனி தெருவுக்கு எல்லா மரண அறிவித்தலையும் நான்தான் எழுத வேண்டுமாம். "இருவது வருசத்துல இவ்வளவு திருத்தமா யாரும் எழுதினதில்லம்மா. அதுல இருந்த ஒரே கொற, ஆளு சாகாததுதான்" என்கிறார். வாட்ஸ்அப் குழுவுக்கும் நானே அட்மின். அலுமாரியைத் திறந்து போனை எடுத்துவிட்டேன். இவரும் கம்பெனித் தாளில் கையெழுத்துப் போட்டாயிற்று. அந்த எதிர்வீட்டை வேறு நல்லவர்கள் யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்கள் மதினி. எங்களுக்கு இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.